கழிவுநீர்க் குட்டையை ஒட்டி நிலத்தடி நீர்மட்டம் இறங்குகிறது: கசிவா, வேறு காரணமா?

துவாஸ்_மேடு:

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஒரு தொழிற்சாலை வளாகம். உள்ளே இரண்டு கழிவுநீர்க் குட்டைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை ஹெக்டேர். 1.5 மி.மீ. ஹெச்டிபிஇ (அடர்த்தியான பிளாஸ்டிக்) விரிப்பு போட்டிருக்கிறது. விரிப்புக்கு அடியில் சரளை வடிகால், அது வந்து சேரும் சம்ப் (நீர் சேகரிக்கும் குழி), மிதவை வைத்த தானியங்கிப் பம்பு. தரை எஸ்எச்டி (சிங்கப்பூர் உயர அளவீட்டு அடிமட்டம்) +4.2 மீ., குட்டையின் அடித்தளம் +1.4, வழக்கமான நீர்மட்டம் +3.2.

சுற்றிலும் ஆறு கண்காணிப்புக் கிணறுகள், எல்லாம் 50 மி.மீ. யுபிவிசி. 2, 3 ஆகிய இரண்டும் குட்டைக் கரையிலிருந்து 5 முதல் 6 மீ. தூரம். 4, 5 சுமார் 30 மீ. கிணறு 1 வேலியோரம், பக்கத்து மனையை ஒட்டி. கிணறு 6 கடற்சுவரிலிருந்து 40 மீ. உள்ளே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு டிப் மீட்டரால் (தண்ணீர் பட்டதும் பீப் அடிக்கும் அளவுநாடா) அளக்கிறார்கள். 3-லும் 6-லும் மட்டும் லாகர் (மட்டத்தைத் தானே பதிவு செய்யும் கருவி) தொங்குகிறது, ஆனால் தரவை யாரும் இறக்கிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் கடைசியில் 2-ஆம் கிணறு +1.90. மே தொடக்கத்தில் +1.45. கிணறு 3-உம் அப்படியே. 4, 5 சுமார் 25 செ.மீ. இறங்கியிருக்கின்றன, 1-இல் 20, 6-இல் 28 செ.மீ. பிப்ரவரி வறட்சியால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஏப்ரல் இடிமழைக்குப் பிறகும் ஏறவில்லை. 3-ஆம் கிணற்றில் மின்கடத்துத்திறன் (உப்பு கூடினால் ஏறும்) 2,100-லிருந்து 3,400 மைக்ரோசீமென்ஸுக்குப் போயிருக்கிறது. பக்கத்து மனையில் பிப்ரவரியிலிருந்து அடித்தளத் தோண்டல் நடக்கிறது.

நிர்வாகம் கேட்பது: குட்டை கசிகிறதா? கசிந்தால் மட்டம் ஏறத்தானே வேண்டும், ஏன் இறங்குகிறது? நான் கேட்பது: இந்த அளவீடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த அளவில் மணி அடிக்க வேண்டும்?

அலைமானி:

இறக்கத்துக்குக் காரணம் தேடுவதற்கு முன்னால், அதில் எவ்வளவு நிஜம் என்று பாருங்கள். உங்கள் அளவீட்டு முறையே ஒரு பொய் இறக்கத்தை உண்டாக்கக்கூடியது.

14 நாள் என்றால் 336 மணி. இங்கே அலையின், அதாவது கடல் ஏற்றவற்றத்தின், முக்கியச் சுற்று 12.42 மணி. வகுத்தால் 27.05. அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே கடிகார நேரத்தில் போய் அளந்தால், ஒவ்வொரு தடவையும் அலைச் சுற்றின் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்பீர்கள்; இருபதில் ஒரு பங்கு மட்டும் நகர்ந்திருக்கும். அந்தச் சின்ன நகர்வு முழுச் சுற்று வர சுமார் 270 நாள் ஆகும். பாதிச் சுற்று நாலரை மாதம். உயர் ஓதத்தில் அளக்க ஆரம்பித்தவர் நாலரை மாதம் கழித்து அதே செவ்வாய், அதே 9 மணிக்குத் தாழ் ஓதத்தில் அளந்துகொண்டிருப்பார். வரைபடத்தில் அழகான, சீரான இறக்கம் தெரியும். டிசம்பர் கடைசி முதல் மே தொடக்கம் வரை என்றதுமே எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இதில்தான். கடற்சுவரிலிருந்து 40 மீ. தூரத்தில், மணல் நிரப்பில் இருக்கும் கிணறு 6 அலைக்கு ஆடாமல் இருக்காது.

வாரம் ஒரு முறை அளந்தால் வேறு தொல்லை. 168 மணியை 12.42-ஆல் வகுத்தால் 13.53. ஒரு வாரம் உயர் ஓதம், அடுத்த வாரம் தாழ் ஓதம் என்று மாறி மாறி வரும். வரைபடம் ரம்பப் பல் மாதிரி இருக்கும். அதையாவது பார்த்தவுடன் சந்தேகப்படலாம். இரு வார அளவீடு சத்தமில்லாமல் ஏமாற்றும்.

லாகர் தரவை உடனே இறக்குங்கள். அலையை நீக்க எளிய வழி செர்ஃபெஸ் 1991-இல் சொன்ன முறை: தொடர்ச்சியாக 71 மணி நேர அளவீடுகளை எடுங்கள், மணிக்கு ஒன்று. 24 மணி நகரும் சராசரி போட்டால் 48 எண் கிடைக்கும். அதன்மேல் மறுபடி 24 போட்டால் 25 எண். அந்த 25-இன் சராசரிதான் அந்த மூன்று நாளின் மட்டம். எக்செலே போதும். லாகரை 15 நிமிடத்துக்கு வைத்துக்கொண்டு, மணிக்கு ஒன்றைப் பொறுக்குங்கள். முடிவு சொல்வதற்கு முன் குறைந்தது 29 நாள் தரவு வேண்டும். பெருவோதம் (ஏற்றவற்றம் மிகப் பெரிதாகும் நாட்கள்), சிற்றோதம் (மிகச் சிறிதாகும் நாட்கள்) இரண்டும் இரண்டு முறை வந்து போயிருக்கும்.

அடுத்தது காற்றழுத்தம். காற்றுக்குழாய் இல்லாத லாகர் தண்ணீரின் அழுத்தத்தோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் எழுதும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம், மாலை 4, அதிகாலை 4 வாக்கில் தாழ்வு. வித்தியாசம் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல், தண்ணீரில் 3 முதல் 4 செ.மீ. இதைப் பலர் அலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரித்தறிவது சுலபம்: அலையின் உச்சம் நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப் போகும், காற்றழுத்தத்தின் உச்சம் கடிகாரத்தை விட்டு நகராது. வளாகத்துக்கு ஒரு பாரோ லாகர் (காற்றழுத்தத்தை மட்டும் பதிவது) போதும். ஆனால் வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஏதாவது ஒரு கிணற்றிலேயே நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள், தலைமூடியில் காற்றுத்துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. துளை இல்லாமல் இறுக்கி மூடிய கிணற்றில் மட்டம் தனக்கென ஒரு கதை சொல்லும்.

அப்புறம் கிணற்றுத் தலை. தூர்த்த நிலம் அமிழும். குழாயின் மேல்விளிம்பு 4 செ.மீ. இறங்கியிருக்க, நீங்கள் பழைய உயரத்தையே வைத்துக் கழித்தால், கணக்கில் வரும் நீர்மட்டம் நிஜத்தைவிட 4 செ.மீ. உயரமாக இருக்கும். அதாவது இறக்கம் குறைவாகத் தெரியும். ஆறு தலைகளின் உயரத்தையும் ஒரே நாளில் லெவலிங் செய்து அளந்துவிடுங்கள், பக்கத்துத் தோண்டல் முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மேல்விளிம்பில் எந்த இடத்திலிருந்து அளப்பது என்று ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு வையுங்கள். ஆள் மாறினால் ஒரு செ.மீ. மாறுவது இதனால்தான்.

உப்பு: கிணறு 6-இல் மின்கடத்துத்திறன் எவ்வளவு? 38,000 வாக்கில் இருந்தால் நன்னீரைவிட அடர்த்தி சுமார் 1.8% அதிகம். வடிகட்டிப் பகுதியின் (குழாயில் நீர் நுழையும் துளைகள் உள்ள இடம்) நடு, நீர்மட்டத்துக்கு 6 மீ. கீழே என்றால் நன்னீர்க் கணக்கில் சுமார் 10 செ.மீ. கூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் 3-ஐயும் 6-ஐயும் ஒப்பிட்டு ஓட்டத் திசை வரைந்தால் அம்புக்குறி தலைகீழாகவே போகலாம். 3-ஆம் கிணற்றின் 3,400-க்கு இந்தத் திருத்தம் ஒரு செ.மீ.-க்குள்தான். விட்டுவிடலாம்.

களிமண்:

அலைமானி சொன்னதைச் செய்த பிறகும் 2, 3-இல் பெரிய இறக்கம் மிஞ்சும் என்பது என் கணிப்பு. அலையால் 45 செ.மீ. வராது, அதுவும் கடலிலிருந்து தள்ளி இருக்கும் கிணற்றில்.

குட்டைக்கு மிக அருகில் மிக அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. இந்த வடிவம் காரணம் குட்டைப் பக்கமே இருக்கிறது என்கிறது. பக்கத்துத் தோண்டல்தான் முழுக் காரணம் என்றால் வேலியோரக் கிணறு 1 எல்லாரையும் முந்திக்கொண்டு இறங்கியிருக்கும். அது 20-இல் நிற்கிறது.

குட்டைப் பக்கத்தில் மட்டத்தை இறக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, முன்பு இருந்த கசிவு நின்றுபோவது. கசியும் குட்டைக்கு அடியில் நிலத்தடி நீர் மேடாகக் குவிந்திருக்கும். விரிப்பை ஒட்டுப் போட்டாலோ, அடியில் வண்டல் படிந்து அடைத்துக்கொண்டாலோ, குட்டையைத் தாழ்வாக இயக்கினாலோ அந்த மேடு கரையும். மட்டம் இறங்குவது அப்போது நல்ல செய்தி. ஆனால் உங்களிடம் மின்கடத்துத்திறன் ஏறுகிறது. அதனால் இதை நான் பின்னுக்குத் தள்ளுவேன்.

இரண்டாவது, விரிப்புக்கு அடியில் இருக்கும் அந்த சம்ப். பாதிப் பேர் அதைக் கழிவுநீர்ச் சாதனமாக மட்டும் நினைக்கிறார்கள். 24 மணி நேரமும் நிலத்தடி நீரை உறிஞ்சும் கிணறு அது. துவாஸ் மாதிரி மட்டம் மேலாக இருக்கும் இடத்தில் அதை வைப்பதே, குட்டை காலியாகும்போது விரிப்பு மேலே உப்பிக்கொண்டு வராமல் இருக்கத்தான். 1.5 மி.மீ. ஹெச்டிபிஇ சதுர மீட்டருக்கு 1.4 கிலோதான். அடியில் 10 செ.மீ. நீர்த்தலை (தலை என்றால் நீர் நிற்கும் உயரம் தரும் அழுத்தம்) கூடினாலே 100 கிலோ தள்ளும். மிதவையின் உயரம், பம்பின் ஓட்ட நேர மானி இரண்டையும் பாருங்கள். டிசம்பரிலிருந்து மாறியிருக்கிறதா?

இன்னொன்று, ஏப்ரலில் ஏறவில்லை என்பதை முழுக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மணல் நிரப்பின் நீர்விடு திறன் (மண்ணின் கனஅளவில் நீர் ஏறி இறங்கும் பங்கு) 0.2 என்று வைத்தால் 50 மி.மீ. மழை முழுவதும் உள்ளே இறங்கினால் 25 செ.மீ. ஏறும். தளம் முழுக்க கான்கிரீட் போட்டு, சுற்றிக் கால்வாய் கட்டியிருந்தால் அதில் சொச்சம்தான் உள்ளே போகும். மழைக்குப் பத்தே நிமிடத்தில் ஒரு கிணறு மட்டும் ஜிவ்வென்று ஏறி, மெல்ல வடிந்தால், அதன் தரைமட்ட மூடி வழியாக மழைநீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்தக் கிணற்றின் நீர்த்தர முடிவுகளும் செல்லாது.

துவாஸ்_மேடு:

இருவருக்கும் நன்றி. பார்த்தவை:

கிணறு 6 லாகரில் பெருவோத நாளில் 32 செ.மீ. ஆடுகிறது. 71 மணி வடிகட்டல் போட்டதும் நாலு மாத இறக்கம் வெறும் 7 செ.மீ. கிணறு 3-இல் அலை 3 செ.மீ.-கூட இல்லை, இறக்கம் 43 செ.மீ., அப்படியே நிற்கிறது.

சம்ப் பதிவேட்டின்படி ஜனவரி இரண்டாம் வாரப் பராமரிப்பில் மிதவையை 40 செ.மீ. இறக்கிக் கட்டியிருக்கிறார்கள், பம்பு அடிக்கடி விட்டு விட்டு ஓடுகிறது என்று. அதற்கு முன் நாளுக்கு 4 மணி ஓட்டம், இப்போது 9. பம்பு மணிக்கு 5 கன மீட்டர். சம்ப் நீரின் மின்கடத்துத்திறன் 2,900. குட்டை நீர் 9,000. கிணறு 4, 5-இல் சுமார் 2,000.

அப்படியானால் மிதவையை மேலே ஏற்றிவிட்டால் முடிந்ததா?

களிமண்:

முடியவில்லை. மட்டம் இறங்கியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, நாளுக்கு 20 கன மீட்டர் எடுத்த இடத்தில் 45 எடுக்கிறது. ஆனால் அதன் விளைவு தனிக் கேள்வி. நீங்கள் தொடர்ந்து பார்க்க வேண்டிய எண் கிணற்றின் மட்டம் அல்ல. குட்டை மட்டத்துக்கும் விரிப்புக்கு அடியில் இருக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்.

முன்பு 3.20-இல் 1.90 போக 1.30 மீ. இப்போது 1.75 மீ. விரிப்பில் ஓட்டை இருந்து, அடியில் சரளை என்றால், கசிவு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு கூடும்: சுமார் 16% அதிகம். அடியில் சரளைக்குப் பதில் நன்றாக ஒட்டிய களிமண் இருந்திருந்தால் ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடியிருக்கும், ஆனால் மொத்த அளவு பல மடங்கு குறைவாக இருந்திருக்கும். 0.6 மீ. களிமண், ஊடுருவல் நொடிக்கு 10-இன் அடுக்கு மைனஸ் 9 மீ., மேலே 2 மீ. தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு நாளுக்கு 3.7 கன மீட்டர்தான். அதுவும் மேலே விரிப்பே இல்லாமல்.

உங்கள் அடித்தளம் +1.4. அடிமட்டம் இப்போது அதை எட்டிவிட்டது. இதற்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் கசிவு கூடாது, ஏனென்றால் ஓட்டைக்கு அடியில் இனி காற்றுதான்; இயக்கும் தலை குட்டையின் ஆழமான 1.8 மீ.-இல் நின்றுவிடும். மட்டம் இறங்க இறங்கக் கசிவும் ஏறிக்கொண்டே போகும் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். முதல் அரை மீட்டருக்கு உண்மை, பிறகு இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மிதவை தாழ்ந்து இருப்பதால் கசிந்தது எல்லாம் சம்புக்கே திரும்பி வர வாய்ப்பு அதிகம். சம்ப் மட்டம் எல்லாக் கிணறுகளையும்விடத் தாழ்வாக இருக்கும்வரை அது கசிவைப் பிடிக்கும் பொறி. அவசரமாக மிதவையை ஏற்றினால் இதுவரை உள்ளே வந்துகொண்டிருந்தது வெளியே போகலாம். முதலில் நீர்த்தரம் பாருங்கள், பிறகு மிதவை.

சோதனைக்குழாய்:

களிமண் சொன்னதைத் தொடர்கிறேன். உங்களிடம் இருக்கும் மூன்று எண்களில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பின்னணி 2,000, குட்டை 9,000, சம்ப் 2,900. கலவை என்று எடுத்தால் குட்டை நீரின் பங்கு 900-ஐ 7,000-ஆல் வகுத்தது, சுமார் 13%. நாளுக்கு 45-இல் 13% என்றால் ஆறு கன மீட்டருக்குக் கொஞ்சம் கீழே. 1.75 மீ. தலையில் சரளைக்கு மேலே 5 மி.மீ. விட்டமுள்ள ஒரே ஓட்டை இவ்வளவையும் விடும். குட்டைகள் இரண்டும் சேர்ந்து ஒரு ஹெக்டேர். அதில் இது நாளுக்கு 0.6 மி.மீ. இங்கே ஆவியாவது நாளுக்கு 4 முதல் 5 மி.மீ. ஆகவே குட்டையின் நீர்க்கணக்கைப் போட்டு இந்தக் கசிவைப் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆவியாதல் கணக்கின் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும்.

ஆனால் இந்த 13% ஓர் ஊகத்தின் மேல் நிற்கிறது, கூடுதல் உப்பு குட்டையிலிருந்து வந்தது என்ற ஊகம். துவாஸில் இன்னொரு உப்பு காலுக்கு அடியிலேயே இருக்கிறது. தூர்த்த நிலத்தில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு பங்கு இறங்கினால் உப்பு எல்லை 40 பங்கு ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மெல்லிய நிரப்பில் அப்படியே பலிக்காது, ஆனால் திசை அதுதான். பம்பு கூடுதலாக இழுத்ததால் அடியிலிருந்து உப்பு ஏறியிருந்தாலும் கிணறு 3 இதே 3,400-ஐக் காட்டும்.

பிரித்துப் பார்க்க, மின்கடத்துத்திறன் போதாது. குளோரைடு, புரோமைடு இரண்டும் கேளுங்கள். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்கு சுமார் 19,350 மி.கி., புரோமைடு 67. விகிதம் 290 பக்கம். தொழிற்சாலை உப்பு, அதாவது மென்னீராக்கிக்குப் போடும் உப்போ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ, புரோமைடு மிகக் குறைவு; விகிதம் ஆயிரத்தைத் தாண்டும். கிணறு 3-இல் 290-ஐ ஒட்டி வந்தால் கடல், கணிசமாக மேலே போனால் குட்டை. குட்டை நீரையும் கட்டாயம் அதே நாளில் எடுங்கள். உங்கள் ஆலை கடல்நீரைக் குளிர்விப்புக்குப் பயன்படுத்தி அதை அந்தக் குட்டையில் விட்டால் இந்தச் சோதனை வேலை செய்யாது; குட்டையில் மட்டும் இருக்கும் வேறு ஏதாவது, நிக்கலோ போரானோ ஒரு கரைப்பானோ, தேட வேண்டும்.

சல்பேட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. கடல்நீரில் சல்பேட்–குளோரைடு விகிதம் 0.14. அதைவிட ஏறினால் உடனே குட்டையைக் கைகாட்டாதீர்கள். நிரப்புக்கு அடியில் இருக்கும் கடல் களிமண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது) இருந்து, மட்டம் இறங்கி அதில் காற்று பட்டால் கந்தக அமிலம் உண்டாகும்: சல்பேட் ஏறும், இரும்பு ஏறும், பிஎச் இறங்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டம் இறங்கியதன் விளைவு அது, கசிவு அல்ல. குட்டையில் கந்தக அமிலம் போட்டு பிஎச் திருத்துகிறீர்கள் என்றால் தலைவலி இரட்டிப்பு.

மாதிரி எடுக்கும்போது: பெய்லரை (கயிற்றில் இறக்கி நீர் மொள்ளும் குழல்) போட்டுக் கலக்காதீர்கள். நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர், கிணற்று மட்டம் 10 செ.மீ.-க்கு மேல் இறங்கக் கூடாது. தொடர்ந்து மூன்று அளவீடுகளில் பிஎச் 0.1-க்குள், மின்கடத்துத்திறன் 3%-க்குள், ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள் நிலைத்த பிறகுதான் பாட்டில். உலோகங்களுக்கு 0.45 மைக்ரான் வடிகட்டி, நைட்ரிக் அமிலம். அமோனியாவுக்குக் கந்தக அமிலம். புரோமைடு பாட்டிலில் எதுவும் வேண்டாம். எல்லாம் ஐஸ் பெட்டியில். ஆய்வகம் சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்றதாக இருக்கட்டும், அந்தந்தச் சோதனைக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். குளோரைடு 2,000 மி.கி.-க்கு மேல் இருக்கும் கிணற்றில் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; குளோரைடே அதைப் பொய்யாக ஏற்றும். அங்கே மொத்த கரிமக் கார்பன் கேளுங்கள்.

வெளியே எடுத்த நீரைக் கால்வாயில் கொட்டக் கூடாது. டிரம்மில் பிடித்து, முடிவு வந்த பிறகு எங்கே போக வேண்டுமோ அங்கே.

பழைய_குத்தகை:

ஜேடிசி (அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) நிலம், மாசு வாய்ப்புள்ள தொழில் என்றால் குத்தகைத் தொடக்கத்தில் ஓர் அடிப்படைச் சூழல் ஆய்வு செய்திருப்பார்கள். அந்த அறிக்கையைத் தோண்டி எடுங்கள். மண், நிலத்தடி நீர் எண்கள் அதில் இருக்கும். குத்தகை முடியும்போது அதோடுதான் ஒப்பிடுவார்கள், எப்படியும் தேவைப்படும். சோதனைக்குழாய் கேட்கும் பின்னணிக்கு 4, 5-ஐவிட அது மேல். அவை இரண்டும் 25 செ.மீ. இறங்கிய கிணறுகள், சம்பின் பிடியில் இருப்பவை.

துவாஸ்_மேடு:

அறிக்கை இருக்கிறது, எடுக்கிறேன். புரோமைடுக்கும் சொல்லிவிட்டேன்.

மூன்று கேள்வி. பக்கத்துத் தோண்டலின் பங்கை எப்படிப் பிரிப்பது? சம்ப் பம்பை நிறுத்திப் பார்க்கலாமா? புதுக் கிணறு போடுவதற்கும் அனுமதி கிடைக்கும் போலிருக்கிறது, எங்கே போடுவது?

களிமண்:

பம்பை நிறுத்தும் சோதனை இருப்பதிலேயே மலிவானது, ஆனால் குட்டை நிறைந்திருக்கும்போது மட்டும். குட்டை +3.2-இல் இருக்க, வெளி மட்டம் பழைய +1.9-க்கே திரும்பினாலும் விரிப்புக்கு ஆபத்தில்லை. குட்டையைத் தாழ்த்தி வேலை செய்யும் வாரத்தில் கையே வைக்காதீர்கள். இன்னொரு நிபந்தனை, புரோமைடு முடிவு கையில் இருக்க வேண்டும். உண்மையிலேயே குட்டை நீர் கசிகிறது என்றால் நிறுத்தும் நேரம் அது வெளியேறும் நேரம். 48 முதல் 72 மணி போதும். 2-லும் ஒரு லாகரைத் தொங்கவிட்டு, 2, 3 இரண்டிலும் 5 நிமிடத்துக்கு வையுங்கள். எவ்வளவு திரும்ப ஏறுகிறதோ அவ்வளவு சம்பின் பங்கு என்பதற்கு நேரடிச் சான்று. முழுவதும் மீள நாள் பிடிக்கும், வளைவின் போக்கைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கலாம்.

தோண்டலுக்கு: கிணறு 6-இன் லாகரைக் கிணறு 1-க்கு மாற்றுங்கள். 6 சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, மாதம் மூன்று நாள் அங்கே திரும்ப வைத்தால் போதும். அவர்கள் தளத்தில் பம்பு நிற்கும் நேரங்களில் கிணறு 1 நிமிர்கிறதா பாருங்கள். அவர்களிடமும் பீசோமீட்டர்கள் (நிலத்தடி நீரழுத்தம் அளப்பவை) இருக்கும்; ஆழத் தோண்டலுக்கு எச்சரிக்கை அளவு, வேலை நிறுத்த அளவு என்று வைத்துத்தான் ஓட்டுவார்கள். எழுத்தில் கேளுங்கள், இரு பக்கத்துக்கும் லாபம். அவர்கள் நீர் செலுத்தும் கிணறு வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். குழாய்நீரை உள்ளே விட்டு மட்டத்தைத் தாங்கிப் பிடித்தால் கிணறு 1 நல்லபிள்ளையாக நிற்கும், மின்கடத்துத்திறனும் குறையும், நீங்கள் அதைப் பின்னணி என்று நினைத்துவிடுவீர்கள்.

அமிழ்வையும் விட வேண்டாம். 45 செ.மீ. இறக்கம் என்றால் அடிமண்ணில் 4.4 கிலோபாஸ்கல் கூடுதல் சுமை. 10 மீ. கடல் களிமண், சுருக்கக் கெழு மெகாநியூட்டனுக்கு 0.5 சதுர மீட்டர் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு எடுத்தால் கடைசியில் 22 மி.மீ. மெதுவாக வரும். குட்டைக் கரைக்குப் பிரச்சினையில்லை. குட்டைக்குள் நுழையும் குழாய், விரிப்பைக் கான்கிரீட்டோடு கட்டிய இடம், இவைதான் அமிழ்வை வெறுக்கும். ஓட்டைகள் பெரும்பாலும் அங்கேதான் உண்டாகின்றன. கசிவு உறுதியானால் ஏஎஸ்டிஎம் டி7007 என்ற தரநிலை முறையில் மின்சாரத்தால் தேடலாம், குட்டையைக் காலி செய்யாமலேயே. அதை விளிம்புகளிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

அலைமானி:

புதுக் கிணற்றுக்கு என் வாக்கு: ஒன்று, உண்மையான பின்னணிக்கு, குட்டையிலிருந்தும் கடலிலிருந்தும் வேலியிலிருந்தும் முடிந்த அளவு தள்ளி. இன்னொன்று, கிணறு 3-க்குப் பக்கத்திலேயே ஆழமாக. 3-இன் வடிகட்டி நீர்மட்டத்தைக் குறுக்கே வெட்டும். புதியது நிரப்பின் அடிப்பகுதியில் 1 மீ. மட்டும் திறந்திருக்கட்டும். இரண்டின் மட்டத்தையும், அடர்த்தி திருத்தி, ஒப்பிட்டால் நீர் கீழே போகிறதா மேலே வருகிறதா தெரியும். ஆழமானது உப்பாக இருந்து, தலை மேலாக இருந்தால் சோதனைக்குழாய் சொன்ன கடல் உப்பு ஏற்றம் நடக்கிறது.

100 முதல் 150 மி.மீ. துளை, வடிகட்டி மணல் துளைக்குழாய்க்கு மேலே 30 செ.மீ.-க்குக் குறையாமல், அதன்மேல் பென்டோனைட் (நீரில் ஊதி அடைக்கும் களிமண்) 60 செ.மீ. உப்புநீரில் பென்டோனைட் சரியாக ஊதாது. நல்ல தண்ணீர் ஊற்றி ஊற வைக்கச் சொல்லுங்கள், ஆழக் கிணற்றில் ஒரு மீட்டராகவே போடுங்கள். முத்திரை சரியில்லாத இரட்டைக் கிணறு ஒரே மட்டத்தைக் காட்டி ஏமாற்றும். துளை போடுவதற்கு முன் உரிமம் பெற்றவரை வைத்துக் கேபிள் கண்டறிதல், இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இருக்கும் கிணறுகளின் மொத்த ஆழத்தையும் அளந்து பழைய பதிவோடு ஒப்பிடுங்கள். மட்டம் வடிகட்டிக்குக் கீழே போனால் அடிமூடியில் ஒரு சாண் தண்ணீர் தேங்கி நிற்கும், டிப் மீட்டர் பீப் அடிக்கும், மாதக்கணக்கில் ஒரே எண் வரும். மட்டம் நிலைத்துவிட்டது என்று எழுதுவார்கள். கிணறு வற்றியிருக்கும்.

மணி அடிக்கும் அளவு கேட்டீர்கள். தனி மட்டத்துக்கு வைத்தால் ஒவ்வொரு பிப்ரவரியும் அடிக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். நான் வைப்பது மூன்றுக்கு. குட்டை மட்டத்திலிருந்து கிணறு 2, 3-இன் வடிகட்டிய சராசரியைக் கழித்தது. 3-இலிருந்து பின்னணிக் கிணற்றைக் கழித்தது. இதில் மழையும் பருவமும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். சம்ப் நாளுக்கு ஓடும் மணி. முதல் இரண்டில், அடுத்தடுத்த இரண்டு 71 மணி சராசரிகள் வழக்கத்திலிருந்து 15 செ.மீ. விலகினால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதில், மழையில்லாத வாரத்திலும் ஓட்டம் கூடினால் அன்றே சம்ப் நீரின் மின்கடத்துத்திறன். இந்த 15 என்பது தொடக்கத்துக்கு. ஒரு வருடத் தரவு சேர்ந்ததும் உங்கள் கிணறுகளின் சொந்த ஆட்டத்தைப் பார்த்து இறுக்குங்கள்.

டிப் மீட்டரை விட்டுவிட வேண்டாம். லாகர் கயிறு நழுவினால் வரைபடத்தில் ஒரே படியாக விழும், நிஜ மட்டம் அப்படி விழாது. கையளவு இருந்தால்தான் நிரூபிக்க முடியும். மாதம் ஒரு முறை, இரண்டு அளவு 5 மி.மீ.-க்குள் ஒத்துப்போகும்வரை, நேரத்தை நிமிடத்தோடு எழுதி. கிழமையையும் மணியையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போகச் சொல்லுங்கள்.

துவாஸ்_மேடு:

தரைமட்ட மூடிகளில் நாலில் தண்ணீர் தேங்கியிருந்தது. வடிதுளையே இல்லை.

பழைய_குத்தகை:

பெட்டியின் அடியில் சரளை போட்டு வடிதுளை விடுங்கள், குழாய்த்தலை பெட்டியின் அடிக்கு மேலே 10 செ.மீ. நிற்கட்டும், திருகி இறுக்கும் ரப்பர் மூடி. காற்றுத்துளை தேவையென்று அலைமானி சொன்னதால், துளையை மூடியின் உச்சியில் போடாமல் விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் போட்டு, மேலே கவிழ்த்த தொப்பி வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கொசுப் புழுவுக்காக வரும்போது நீர்மட்டத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்.